குடிலுக்கு வந்த மூன்று முடிக்காரர்கள்

நெய்வேலியில் எங்கள் பிளாக்கில் கிறிஸ்துமஸ் குடில் போட்டி என்றால் சும்மா இல்லை. பங்குச் சாமியாரே வீடுவீடாக வந்து மார்க் போடுவார். நான் ஐந்தாவது படித்த வருடம் வேறு குவார்ட்டர்ஸுக்கு மாறினோம். சாமான் இறக்கியபோது குடிலில் குழந்தை இயேசுவுக்குக் காணிக்கை கொண்டுவரும் மூன்று ராஜாக்களும் உடைந்துபோனார்கள். மண் பொம்மைகள்தான். ஆனாலும் ராஜாக்கள் இல்லாத குடிலுக்கு யார் பரிசு தருவார்கள்?

அட்டையில் செய்துவிடலாம் என்று, பிரிக்காமல் மூலையில் கிடந்த ஒரு பெட்டியைக் கிளறினேன். உள்ளே இசைத்தட்டுகள். எங்கள் வீட்டில் அதைப் போட்டுக் கேட்கும் பெட்டியே கிடையாது. அதைவிட அதிசயம், எல்லாமே ஒரே தட்டு! ஏதோ ஓர் ஆங்கிலப் பாட்டுக் குழு, அதே உறை, திரும்பத் திரும்ப. எந்தக் கடைக்காரனோ அப்பாவை நன்றாக ஏமாற்றியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

உறையைத் திருப்பினேன். ஆண்டவர் கைவிடவில்லை! பின்னட்டையில் இன்னொரு ராக் குழுவுக்கு விளம்பரம். தோள்வரை முடி, தாடி, முழங்கால்வரை அங்கி, சரியாக மூன்று பேர். வேறென்ன வேண்டும்? வெட்டினேன். சாக்லேட் தாளில் கிரீடம் ஒட்டினேன். நடு ஆள் கிடார் வைத்திருந்தார். அதன்மேல் தங்கத்தாளை ஒட்டி, பொன் கொண்டுவந்தவர் அவர்தான் என்று முடிவுசெய்தேன்.

மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து பண்டிகைக்கு வந்திருந்த அத்தை, குடில் முன்னால் மண்டியிட்டுச் சிலுவை போட்டவர், பாதியில் கையை நிறுத்தினார்.

"யம்மா... இது எந்தம்பி!"

அம்மா முறுக்கு மாவுக் கையோடு ஓடிவந்தாள். "யாரு அண்ணி?"

"தோ, நடுவுல கிரீடத்த மாட்டிகினு நிக்குது பாரு. மெட்ராஸ்ல படிக்கிறேன்னு சொல்லிகினு இந்தக் கூத்துதான் அடிச்சிகினு கெடந்துது. உங்கிட்ட சொல்லவே இல்லியா?"

அம்மா மாவுக் கையோடு குடிலுக்குள் குனிந்து பார்த்தாள். நானும்தான். என் அப்பா! கோயிலில் எல்லோரும் பாடும்போதுகூட வாயைத் திறக்காதவர். முடி காதைத் தொட்டாலே அண்ணனை சலூனுக்கு விரட்டுபவர். அவர் தாடி வைத்திருந்தார் என்பது அதிர்ச்சி; அவர் தலையில் முடி இருந்தது என்பது அதைவிடப் பெரிய அதிர்ச்சி.

முதல் ஷிஃப்ட் முடிந்து அப்பா ஹெல்மெட்டோடு உள்ளே நுழைய, பின்னாலேயே சாமியாரும் நுழைந்துவிட்டார். கழற்றி ஒளிக்க நேரமில்லை. அப்பா குடிலைப் பார்த்தார். நிலக்கரித் தூசிக்கு அடியிலும் முகம் வெளிறியது தெரிந்தது.

சாமியார் குனிந்து பார்த்தார். "ராஜாங்க பிரமாதம்! எங்க வாங்குனீங்க?"

"மெட்ராஸ்லங்க சாமி" என்றார் அப்பா. "ரொம்ப நாளாச்சி."

மார்க்கைத் தாராளமாகப் போட்டுவிட்டு அவர் போனதும், அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நல்லா வாசிப்பீங்களா?"

அப்பா குனிந்தார். நான் வெட்டிப்போட்ட அட்டைத் துண்டுகளைத் தரையில் தேடி, ஒன்றை எடுத்து ஊதினார். எட்டிப் படித்தேன். இந்தக் குழுவின் முதல் இசைத்தட்டு விரைவில் வெளிவரும் என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது.

"எப்பப்பா வரும்?"

"மைன்ஸ்ல பர்மனென்ட் ஆர்டர் முந்திகினு வந்துட்டுது, பாப்பா."

எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. ஒன்று வந்துவிட்டது, அடுத்தது இனி வரும். லீவு முடிந்து பள்ளி திறந்ததும் வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்தேன், எங்கப்பா பாட்டு சீக்கிரம் வருது, எல்லாரும் எங்க வீட்டுக்கு வந்துடுங்க என்று.