மாப்பிள்ளைக்கு ஊர் கிடைத்தது

என் தங்கை ஒரு சிங்கப்பூர்க்காரரைக் கட்டிக்கொண்டாள். தலைதீபாவளிக்கு இருவரையும் மலேசியாவில், ஜொகூர் மாநிலத்து உலு திராமில் இருக்கும் என் வீட்டிலிருந்து அதே மாநிலத்து ரெங்கத்தில் அப்பா வீட்டுக்கு நான்தான் காரில் கூட்டிப்போனேன்.

ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடப் பிடிக்கும். மாப்பிள்ளை அதற்குக் கழுத்துத் தலையணை, போர்வை, வாந்தி மாத்திரை எல்லாம் எடுத்து வந்திருந்தார். குற்றம் சொல்ல முடியாது. அவர் நாட்டில் ஒரே திசையில் ஒரு மணி நேரம் ஓட்டினால் கடலில் இறங்க வேண்டியதுதான். செடெனாக் பக்கம் கண் விழித்து, எந்த மாநிலம் வந்திருக்கிறோம் என்று கேட்டார். ஜொகூர்தான் என்றேன். செம்பனை மரங்களையே பார்த்துக்கொண்டு வந்தவர் மறுபடியும் கேட்டார். மறுபடியும் ஜொகூர்தான்.

அப்புறம் நெடுஞ்சாலையில் பெருநாள் ஜாம். நானும் தங்கையும் முனகினோம். அவர் கண்ணாடியை இறக்கிவிட்டுச் சந்தோஷமாக வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன்.

"எங்க ஆபீஸ்ல மலேசியாக்காரங்க எல்லாம் ஊருக்குப் போறேன், ஜாம்ல மாட்டிக்கிட்டேன்னு பெருமையா சொல்வாங்க மச்சான். எனக்குப் போறதுக்கு ஊரே இல்ல. எங்கம்மா வீடு ரெண்டு பஸ் ஸ்டாப்."

சிரிக்கப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. நாடே ஓர் ஊர் அளவுதான் என்றால், ஊர் என்று தனியாக எதைக் காட்டுவார், பாவம்?

மறுநாள் காலை அப்பாவோடு பசியாறப் போனார். மாப்பிள்ளைக்கு எந்த ஊர் என்று கடைக்காரர் அப்பாவிடம் கேட்க, இவரே முந்திக்கொண்டு ரெங்கம் என்று சொல்லிவிட்டாராம். அப்பா வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த தீபாவளிக்கு ஒரு வேன் வந்து நின்றது. மாப்பிள்ளையின் அம்மா, அண்ணன் குடும்பம், அவர்கள் மாடியில் குடியிருக்கும் ஓர் ஆண்ட்டி என்று இறங்கிக்கொண்டே இருந்தார்கள். அவர்களுக்கும் ஊர் இல்லையாம். ராத்திரி கூடத்தில் கால் வைக்க இடமில்லை. அப்பா தன் கட்டிலை விட்டுக்கொடுத்துவிட்டு என்னை வாசலுக்குக் கூப்பிட்டார். புலம்பப்போகிறார் என்று நினைத்தேன்.

"அந்த நாட்ல மொத்தம் எத்தன பேருடா இருக்காங்க?"

சின்ன நாடுதாம்பா என்றேன். கொஞ்சம் யோசித்தார். கடை சாத்துவதற்குள் இன்னும் நாலு பாய் வாங்கி வரச் சொல்லி என்னை அனுப்பினார்.