பத்தாயத்துக்கு இரண்டு பூட்டு

கோட்டாற்றில் என் மருந்துக்கடையைத் திறந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. வடசேரியிலிருந்து பகவதி மைனி, தாணுப்பிள்ளை அண்ணாச்சியின் மனைவி. "பாய், அவிய போயிற்றாவ. காப்பி குடிச்சிற்று பேப்பர் பாத்திற்று இருந்தாவ. அப்பிடியே சாஞ்சிற்றாவ" என்றார்கள். "டாக்டர் வந்து பாத்தாரா மைனி?" என்றுதான் எனக்கு முதலில் கேட்கத் தோன்றியது. கேட்ட பிறகு வெட்கமாக இருந்தது. ஆனால் தாணுப்பிள்ளை அண்ணாச்சியோடு இத்தனை காலம் பழகியவனுக்கு எந்தச் செய்தியையும் முதல் வாயில் நம்ப வராது. அண்ணாச்சியாக இருந்தால் அந்த டாக்டரையும் நம்பாமல் இன்னொருவரைக் கூப்பிட்டிருப்பார்கள்.

அவர்களை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தாணுப்பிள்ளை அண்ணாச்சி கப்பலில் தலைமை என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர்கள். ஊரில் அவர்களுக்கு இரண்டு பெயர் உண்டு. சந்தேகப் பேர்வழி என்பது ஒன்று, விஸ்கிப் பிள்ளை என்பது இன்னொன்று. இரண்டையும் முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். கேஸ் சிலிண்டர் வந்தால் எடைபோட்டுப் பார்க்கச் சொந்தமாகத் தராசு வைத்திருந்தார்கள். கல்யாண வீட்டுப் பாயசத்தில் முந்திரிதானா, நிலக்கடலையா என்று கரண்டியால் கிளறிப் பார்த்த பிறகே குடிப்பார்கள்.

எங்கள் பழக்கமே ஒரு சந்தேகத்தில் தொடங்கியதுதான். பிரஷர் மாத்திரை வாங்க வந்தவர்கள், அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "ஓய் சாயிபே, இந்தத் தேதி அச்சு புதுசா இருக்கே, நீரு அடிச்சதா?" என்றார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மொத்த வியாபாரியின் பில்லை எடுத்து முன்னால் போட்டேன். பொறுமையாக வாசித்து முடித்துவிட்டு, "கோவப்படுகதப் பாத்தா நீரு களவன் இல்ல. களவனா இருந்தா சிரிப்பான்" என்று சொல்லி மாத்திரையை வாங்கிக்கொண்டு போனார்கள். மறுநாளும் வந்தார்கள், மருந்து வாங்க அல்ல, பேச.

விஸ்கி சேகரிப்பும் இந்தக் குணத்திலிருந்து முளைத்ததே. வேலையில் இருந்த காலத்தில் கப்பல் ஸ்காட்லாந்தின் ஒரு துறைமுகத்தில் நின்றபோது, பக்கத்துத் தெருக் கடையில், ஒரே வடிசாலையில் வடிக்கும் சிங்கிள் மால்ட் விஸ்கி ஒரு பாட்டில் வாங்கியிருக்கிறார்கள். லேபிளில் வடித்த வருஷம் இருந்தது, பீப்பாயின் எண் இருந்தது, பாட்டிலில் அடைத்தவரின் பெயர் இருந்தது. எந்த வடிசாலையில் வடித்தது என்பது மட்டும் இல்லை. கடைக்காரரிடம் கேட்டதற்கு, அதைச் சொல்லக்கூடாது என்று பதில் வந்ததாம். அங்கே அப்படி ஒரு வியாபாரம் நடக்கிறது. வடிசாலைகளிடமிருந்து சரக்கைப் பீப்பாயோடு வாங்கி, வருஷக்கணக்கில் ஊறப்போட்டு, தங்கள் பெயரில் பாட்டிலில் அடைத்து விற்கும் தனி வியாபாரிகள் இருக்கிறார்கள். ஒரு பீப்பாயில் சில நூறு பாட்டில்தான் தேறும். தீர்ந்தால் தீர்ந்ததுதான். சில வடிசாலைக்காரர்கள் தங்கள் பெயரை அதில் போட விடமாட்டார்கள்.

"பேரு போடாம ஒருத்தன் விக்கான்னா என்னத்தையோ மறைக்கான். அது என்னன்னு தெரியாம எனக்குத் தூக்கம் வராது, கேட்டீரா?" என்பார்கள். மற்றவர்கள் பெரிய பெயர்களைத் தேடி வாங்குவார்கள், அண்ணாச்சி பெயரில்லாதவற்றைத் தேடினார்கள். அரை ஸ்பூன் சரக்கில் அரை ஸ்பூன் தண்ணீர் விட்டு, நாக்கில் வைத்து, கண்ணை மூடி, எந்தத் தீவு, எந்த வடிசாலை என்று துப்புத் துலக்குவார்கள். ஒரு பாட்டிலை முகர்ந்துவிட்டு, "இது கடப்புறத்துச் சரக்கு ஓய். குளச்சல்ல காலம்பற நிக்க மாதிரி இருக்கு" என்று குதித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

போலி வந்து மாட்டினால் அவர்களுக்குத் திருவிழா. கொச்சியிலிருந்து ஒருவர் கொண்டுவந்த பாட்டிலின் லேபிளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, பசை புதுசு என்று கண்டுபிடித்த அன்று எனக்கும் மைனிக்கும் பழம்பொரி வாங்கிக் கொடுத்தார்கள். ஆனால் இன்னொருவர் கொண்டுவந்த அசல் பாட்டிலை மாதக்கணக்கில் சந்தேகப்பட்டுக் கேள்வி கேட்டே அவரை ஓடவைத்தார்கள். அது வேறு யாரிடமோ போய்ச் சேர்ந்து, அசல்தான் என்று தெரிந்தபோது அண்ணாச்சி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

பாட்டில்களை வைத்தது வீட்டில் சும்மா கிடந்த நெல் பத்தாயத்தில். வயலை விற்றபிறகு அதற்கு வேலை இல்லை. உள்ளே இருட்டும் குளிர்ச்சியுமாக இருந்ததால் அதைவிடத் தோதான இடம் கிடைக்காது. வாங்கியதற்கெல்லாம் ரசீதும் அனுமதியும் வைத்திருந்தும், தெருவில் காக்கிச்சட்டை போனால் எழுந்து பத்தாயத்துக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்காருவார்கள். போலீசைவிடச் சொந்தக்காரர்கள்மேல்தான் பயம். அதிலும் மைனியின் தம்பி ஐயப்பன்மேல். ஐயப்பனுக்குக் குழித்துறையில் ரப்பர் ஷீட் வியாபாரம். குடிக்கக்கூடிய ஆள். அத்தான் வீட்டுக்கு வந்தால் பத்தாயத்தைப் பார்த்துக்கொண்டேதான் பேசுவார்.

ஒருநாள் அண்ணாச்சி கடைக்கு வந்து ஒரு சாவியை மேஜைமேல் வைத்தார்கள். கோயிலில் நகைப்பெட்டிக்கு இரண்டு பூட்டுப் போட்டு இரண்டு பேரிடம் சாவி கொடுப்பார்கள். இரண்டு கை சேர்ந்தால்தான் திறக்கும். அதே முறையில் பத்தாயத்துக்கு இரண்டு பூட்டுப் போட்டாயிற்று, ஒரு சாவி உமக்கு என்றார்கள்.

"அண்ணாச்சி, எனக்கு அது ஹராம்லா. எங்க வீட்ல தெரிஞ்சா சோறு கிடைக்காது" என்றேன்.

"அதுக்குத்தான் உம்மகிட்ட தாறேன். குடிக்கியவன் ஒருத்தனையும் நம்ப ஒக்காது. நீரு நெல்லுப் பத்தாயத்துக்குச் சாவி வச்சிருக்கதா நெனச்சிக்கிடும்."

யோசித்துப் பார்த்துத்தான் வாங்கிக்கொண்டேன். என் மனைவி நெடுநாள் அதைக் கையால் தொடவில்லை.

மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போவேன். முதலில் என் பூட்டைத் திறப்பேன். பிறகு அண்ணாச்சி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தன் பூட்டைத் திறப்பார்கள். தன் சாவியை ஒருநாளும் என் கண்ணில் காட்டியதில்லை. என்னிடம்கூட மறைக்கிறாரே என்று உள்ளுக்குள் உறுத்தும், காட்டிக்கொள்ள மாட்டேன். முறைவைத்து ஒவ்வொரு தடவையும் சில பாட்டில்களை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அளவு பார்ப்பார்கள். எதையாவது திறக்கும் நாளில் என்னை முகரச் சொல்வார்கள். "மூக்குக்கும் ஹராம் உண்டுமா ஓய்?" என்று சிரிப்பார்கள். மருந்து வாசத்தில் வளர்ந்த மூக்கு என்பதால் அயோடின், கிராம்பு, கற்பூரம் என்று எனக்குப் பட்டதைச் சொல்வேன். அந்த ஞாயிற்றுக்கிழமைகள் எனக்குப் பிடித்தமானவை.

போன வருஷம் அப்படி ஒரு நாளில் ஐயப்பனும் இருந்தார். அண்ணாச்சி சீல் உடைக்காமலே வைத்திருந்த தன் முதல் பாட்டிலை, அந்தத் துறைமுகத்தில் வாங்கியதை, வெகுநாளைக்குப் பிறகு வெளிச்சத்தில் பிடித்தார்கள். கழுத்தில் நின்ற சரக்கு தோளுக்குக் கீழே இறங்கியிருந்தது. பழைய தக்கை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றோடு போகும் என்பது சேகரிக்கிறவர்கள் எல்லாருக்கும் தெரியும். நம் ஊர் வெக்கையில் இன்னும் கூடுதலாகவே போகும். ஆனால் பக்கத்தில் இருந்த பாட்டில்கள் எல்லாம் அளவு குறையாமல் நின்றன.

ஐயப்பன் சிரித்துக்கொண்டே, "அத்தான், ஊசி போட்டு உறிஞ்சினா சீல் ஒடையாதுல்லா. மருந்துக்கடையில ஊசிக்கா பஞ்சம்?" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தொழுகிறவன், ஒரு துளி நாவில் பட்டிராதவன், ஊரறியக் கடை வைத்திருப்பவன். களவன் என்றும் குடிகாரன் என்றும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர்கள் பாட்டிலைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஐயப்பனிடம் திரும்பி, "ரெண்டு பூட்டு, ரெண்டு சாவி. எனக்க சாவி இல்லாம இந்த மனுஷன் எப்பிடிலே தொறப்பாரு? வாய மூடு" என்றார்கள்.

அதோடு பேச்சு அடங்கியது. ஆனால் அந்தக் கொஞ்ச நேர மௌனம் என்னை விடவில்லை. பாயசத்து முந்திரியையே சந்தேகப்பட்டவர் என்னைச் சந்தேகப்படாமல் இருப்பாரா? பூட்டு இரண்டு இருந்ததால் தப்பித்தேன், ஒன்றுதான் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? அடுத்த மாதம் கால்வலி என்று ஞாயிற்றுக்கிழமையைத் தள்ளிவைத்தார்கள். அதற்கடுத்த மாதம் நானே போகவில்லை. கடைக்கு வருவார்கள், பிரஷரைப் பற்றிப் பேசுவோம், பத்தாயத்தைப் பற்றிப் பேசமாட்டோம். என்னை நம்புகிறீர்களா என்று கேட்கலாம் என்று பலமுறை வாயெடுத்தேன். கேட்டால் அதுவே குற்றவாளியின் பேச்சாகிவிடுமோ என்று விட்டுவிட்டேன். அப்படியே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

சுடுகாட்டில் சாம்பல் அள்ளும் சஞ்சயனம் முடிந்து, அன்றைக்கே பத்தாயத்தைத் திறக்க மைனி என்னைக் கூப்பிட்டார்கள். அண்ணாச்சியின் சாவியை எங்கே தேடியும் காணவில்லை. ஐயப்பன் கடப்பாரையோடு நின்றார். நான் என் பூட்டைத் திறந்தேன். அடுத்த பூட்டின் இடுக்கில் ஐயப்பன் கடப்பாரையை நுழைத்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிப் பூட்டு. கொஞ்சம் நில்லுங்கள் என்று சொல்லி, என் சாவியையே அதிலும் போட்டுத் திருப்பினேன். திறந்துகொண்டது.

கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு ஐயப்பன் மெதுவாகச் சொன்னார்: "அப்பம் பாய், நீங்க இத்தனை நாளும் ஒத்தைக்கே தொறந்திருக்கலாம், இல்லியா?"

உண்மைதான். எனக்கிருந்த ஒரே சாட்சி அந்த இரண்டாவது பூட்டு. அது என் கையாலேயே திறந்து தொங்கியது. எனக்குத் தெரியாது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நானே நம்பமாட்டேன்.

அப்போதுதான் உள்ளேயிருந்து வந்த மைனி தம்பியைப் பார்த்து, "ஒனக்க அத்தானுக்கு அது தெரியும்" என்றார்கள். "பூட்டு வாங்க நானும்தான போனேன். ஒத்தச் சாவிக்கு ரெண்டு பூட்டுன்னு கேட்டுத்தான் வாங்கினாவ. 'எனக்கு என்னமும் ஆச்சுன்னா உங்க ஆளுவ ஒடச்சிருவாவ, சாயிபு வந்து தொறக்கட்டும், நான் உசிரோட இருக்கது வரைக்கும் இது ஒருத்தருக்கும் தெரியப்பிடாது'ன்னு சொன்னாவ. அண்ணைக்கு ஒன்ன வாய மூடுன்னு சொன்னாவல்லா, அப்பமும் தெரிஞ்சிதான் சொன்னாவ."

எனக்கு முதுகைக் காட்டி அண்ணாச்சி மறைத்தது இதைத்தான். நான் தனியே திறக்கமுடியும் என்று தெரிந்தே, முடியாது என்று எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறார்கள். வாழ்நாளெல்லாம் பொய்யைத் தேடிப் பிடித்தவர்கள் சொன்னதாக நான் அறிந்த பொய் அது ஒன்றுதான். அழுகை வந்தது, ஐயப்பன் முன்னாலேயே அழுதேன்.

ஆனாலும் அவர்களோடு பழகிய புத்தி சும்மா இருக்கவில்லை. சந்தேகமே படாமல் காப்பாற்றினார்களா? நான்தான் எடுத்தேன் என்று நினைத்து, மன்னித்துக் காப்பாற்றினார்களா? அந்தப் பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நான் இந்த வீட்டுப் பக்கமே வராத இத்தனை மாதத்தில் இன்னும் இறங்கியிருந்தால் தக்கைதான் காரணம் என்று ஐயப்பனுக்குக் காட்டலாம். மைனியும் எடுத்துப் பாருங்கள் பாய் என்றார்கள். நான் எடுக்கவில்லை. அண்ணாச்சி கேட்காத சாட்சியை அவர்கள் போனபிறகு யாருக்குக் காட்ட? கதவைச் சாத்தி, சாவியை மைனியின் கையில் கொடுத்துவிட்டு, சுடுகாட்டு வழியாகக் கடைக்குத் திரும்பினேன். சாம்பல் அள்ளிய இடத்தில் தண்ணீர் தெளித்திருந்த ஈரம் இன்னும் காயவில்லை. அங்கே கொஞ்ச நேரம் நின்றேன்.

அண்ணாச்சி, நான் அதைத் தொடவில்லை. நீங்கள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். உலகத்தில் எல்லாரிடமும் கேட்டீர்கள், என்னிடம் மட்டும் கேட்கவில்லை. போய் வாருங்கள்.