படத்தில் இல்லாத ஆயா

பூவிழிக்கு ஐம்பத்திரண்டு வயது. தேயிலைத் தோட்டத்து ஆயாக்கொட்டாயில் பதினெட்டு வருஷமாகப் பிள்ளை பார்க்கிறாள். விடியற்காலையில் பெரட்டுக்கு, பேர் கொடுக்க ஓடும் தாய்மார் அவள் கையில் போட்டுவிட்டுப் போன பிள்ளைகளில் இரண்டு பேர் இன்றைக்கு லாரி ஓட்டுகிறார்கள். இழுப்பு வந்த குழந்தையை மாரோடு அணைத்துக்கொண்டு, கொட்டுகிற மழையில் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனவள் அவள். இதெல்லாம் யாருக்கு வேண்டும்? நிர்வாகம் ஒரே வரியில் சொல்லிவிட்டது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பிள்ளை பராமரிப்புச் சர்ட்டிபிகேட்டுக்கு மனுப் போடாவிட்டால், திங்கட்கிழமை டவுனிலிருந்து வேறு ஆள் வந்துவிடும்.

பரீட்சை எழுத வேண்டாமாம். அனுபவத்தையே படிப்பாக எடுத்துக்கொள்வார்களாம். கேட்க எவ்வளவு இனிப்பாக இருக்கிறது பாருங்கள்! செய்த வேலையைப் படமாகவும் வீடியோவாகவும் கம்ப்யூட்டரில் ஒரு மின்கோப்பாக ஏற்றிவிட்டால் போதும்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி குணாளன் அவளைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து மின்கோப்பைத் திறந்தான்.

“மொதப் பக்கத்துல ஒங்களப் பத்திக் கேக்குறாங்கக்கா. நீங்க யாரு, இத்தன வருஷத்துல என்னா கத்துக்கிட்டீங்கன்னு.”

“நான் யாரா? ஆயா லா. வேற என்னா?”

அவன் சிரித்துக்கொண்டே தானாக நாலு வரி தட்டினான். அடுத்தது படம். அவள் போனில் ஆயிரத்துக்கு மேல் படம் இருந்தது. ஆகா, வேலை முடிந்தது என்று உற்சாகமாகத் தள்ளிக்கொண்டே போனவனின் விரல் மெல்ல மெல்ல நின்றது.

“அக்கா, இதுல நீங்க எங்க?”

“நான்தானே எடுத்தேன்.”

“அப்படிச் சொன்னா ஒத்துக்க மாட்டாங்க. மூணு படமாச்சும் வேணும். வேற வேற வருஷத்துல எடுத்ததா இருக்கணும், ஒங்க மொகமும் தெரியணும். இன்னிக்குப் புதுசா எடுத்தாலும் செல்லாது.”

அவள் புருஷன் தங்கராஜு, பிரிஞ்சாங் ரோட்டு வளைவில் காய்கறி லாரி கவிழ்ந்து செத்துப் பதினோரு வருஷமாகிறது. அதற்கு முன்னால் அவளிடம் இருந்தது பட்டன் போன். பிறகு நல்ல போன் வந்தது, ஆனால் தாலி இல்லாதவள் பிள்ளைகள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாமா? தப்பித்தவறித் தன் முகமோ கையோ விழுந்துவிட்டால், பிள்ளைக்கு ஆகாதென்று அந்த ஓரத்தை வெட்டிவிட்டுத்தான் தாய்மாருக்கு அனுப்புவாள். வெட்டாத படத்தையும் கையோடு அழித்துவிடுவாள், அவ்வளவு சுத்தம்! தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்றால் இதுதான்.

குணாளன் தாய்மாரின் வாட்சாப் குழுவில் கெஞ்சி எழுதினான். படங்கள் வந்து குவிந்தன. பிள்ளை, பிள்ளை, எல்லாம் பிள்ளைதான். ஒன்றில் மட்டும் அவளுடைய முழங்கை. “ஆயா இல்லாட்டி எம்புள்ள ஏது?” என்று ஒருத்தி குரல் பதிவு போட்டு அழுதாள். அந்த அழுகையை ஏற்றக் கம்ப்யூட்டரில் இடமில்லை.

மணி நாலே முக்காலுக்கு, மலையிலிருந்து சேற்று பூட்சோடு தனலெட்சுமி ஓடிவந்தாள். அவள் மகனை வளர்த்தவளும் பூவிழிதான்.

“ஒண்ணு இருக்குக்கா. எம்மவனோட மொத பர்த்டே.” போனை நீட்டினாள். பூவிழியின் முகத்தை அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

படத்தில் கேக், காகிதக் கிரீடம் வைத்த குழந்தை. ஓரத்தில், சுவரை ஒட்டிப் பூவிழி. முகம் தெளிவாகத் தெரிந்தது. கைகள் மட்டும் வெறுமையாக இருந்தன.

பூவிழிக்கு அந்த நாள் மறக்குமா? தங்கராஜு போய் மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. குழந்தையைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, கேக்குக்குப் பக்கத்தில் தூக்கிவந்தவள் அவள். அப்போதுதான் தனலெட்சுமி தணிந்த குரலில் சொன்னாள்: “அக்கா, கொஞ்சம் ஒதுங்கிக்குங்க. கேக்கு வெட்டப் போறோம்.” அன்றைக்கு ஒதுங்கியவள்தான்.

குணாளன் படத்தை ஏற்றினான். “ஒண்ணுதான் இருக்கு. பரவால்ல, போடுவோம். மத்த ரெண்டுக்கும் அவகாசம் கேட்டு சர்ட்டிபிகேட் ஆபீசுக்குக் கெஞ்சி எழுதிப் பாக்குறேன்.” இன்னும் இரண்டு கட்டம் காலியாக இருந்தது. ஐந்து மணிக்கு ஆறு நிமிஷம் இருந்தது. படத்துக்குக் கீழே கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேட்டது.

“இந்தப் படத்துல என்னா வேல செய்யிறீங்கன்னு கேக்குதுக்கா. என்னான்னு போட?”

தனலெட்சுமி விம்மினாள். “குளிப்பாட்டுனேன், சோறு ஊட்டுனேன்னு எதையாச்சும் சொல்லுங்கக்கா. என்னய மன்னிச்சிருங்க, சொல்லுங்க!”

பூவிழி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒதுங்கி நிக்கிறேன்னு போடுப்பா,” என்றாள். “அதத்தான் செஞ்சிருக்கேன்.”