தண்ணீர் திறப்பவர் கேட்ட கேள்வி

எங்கள் தெருவுக்குக் குடிநீர் திறந்துவிடுபவரின் பெயரை நான் கேட்டதே இல்லை. ஒல்லியான ஆள். லுங்கியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருப்பார். வால்வைத் திறந்ததும் முதல் குழாயில் ஒரு கை தண்ணீர் பிடித்து மோந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த தெருவுக்குப் போவார்.

மலைக்கோயிலில் ஆடிக் கிருத்திகை முடிந்ததும் பெருமழை. கூட்டம் போட்டுப்போன தட்டும் கப்பும் மழைநீர்க் கால்வாயை அடைத்துக்கொள்ள, மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் தெருவில் ஏறிவிட்டது. மறுநாள் காலை தண்ணீர் திறந்து, வழக்கம்போல மோந்து பார்த்துவிட்டுப் போனவர் கால் மணி நேரத்தில் திரும்பி ஓடிவந்தார்.

"யாரும் குடிக்காதீங்க. கால்வாய்க்குள்ள பைப்பு உடைஞ்சிருக்குது. சாக்கடை கலந்துகினு இருக்குது."

"என் பொண்ணு குடிச்சிட்டாளே," என்றேன்.

அவர் முகம் வெளுத்தது. "எவ்ளோம்மா?"

"ஒரு டம்ளர்."

"வாந்தி, பேதின்னா நிக்காதீங்க. நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க."

அன்றே குழாயைச் சரிசெய்துவிட்டார்கள். எனக்குத்தான் கை கால் ஓடவில்லை. மகளின் நெற்றியையும் வயிற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் காலையும் மாலையும் வாசலில் வந்து நின்று, "குழந்தை எப்டி இருக்குதும்மா?" என்று அதையே கேட்டார்.

மூன்றாம் நாள் அவள் பள்ளிக்கூடப் பையோடு அவர் எதிரே வந்து நின்றாள். அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நான்தாம்மா தொறந்துவிட்டேன்," என்றார்.

அந்த மூன்று நாளும் அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டேதான் இருந்தேன். அதை அவரிடம் நான் சொல்லவில்லை.