கணபதிராமன் கேட்டுவந்த பயங்கள்

எந்த வீட்டில் கால் வைத்தாலும் கணபதிராமன் கேட்பது ஒன்றுதான். குழந்தைக்கு எதைக் கண்டால் பயம்? இருட்டா, இடியா, நாயா? கொஞ்சமா, ரொம்பவா? காலேஜில் மனோதத்துவம் நடத்தும் புரொபசர், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பயத்தை அளந்துவிடுவது என்று கிளம்பி, இவரை மைசூர் அக்ரஹாரத்துத் தெருக்களில் ஏவிவிட்டிருந்தார். குழந்தையிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது. பெற்றவர்கள் சொல்வதை மட்டும் எழுத வேண்டும் என்று உத்தரவு.

அப்பாக்கள் புளுகுவதற்கு அளவே கிடையாது. அவரவர் பிள்ளை அவரவருக்குப் புலிக்குட்டி. உண்மை, உள்கதவுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரலில் வரும். கணபதிராமன் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்து, கதவு சொன்னதையே எழுதுவார். பாவம், மனிதருக்குக் குழந்தை இல்லை. கோட்டுப் பையில் எப்போதும் கல்கண்டு இருக்கும். வாங்கிக்கொள்ளத்தான் ஒன்றும் கிட்டே வராது. அக்ரஹாரத்துப் பிள்ளைகளுக்கு அவ்வளவு அடக்கம் என்று மனைவியிடம் சிலாகிப்பார்.

அன்று ரயில்வே குமாஸ்தா பாலசந்திரன் வீட்டில் நுழைந்ததும், கூடத்தில் விளையாடிக்கொண்டிருந்த மூன்று வயதுப் பையன் வீறிட்டான். நின்ற இடத்தையே நனைத்துவிட்டான். பாலசந்திரன் அசடு வழிந்தார்.

“இவனுக்குப் பயமே கெடையாது. அப்படியே எழுதிக்கோங்கோ.”

கதவுக்குப் பின்னால் அவர் மனைவி அன்னபூர்ணி கணவரிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

“பொய் எழுதவேண்டாம்னு சொல்லுங்கோ. முன்னெல்லாம் சாப்பிடலேன்னா கும்மா வரதுன்னு பயமுறுத்துவோம். இப்போ அது எடுபடறதில்லே. பயம் கேக்கற மாமா வரார்னாத்தான் வாயைத் தெறக்கறதுகள்.”

கணபதிராமனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கும்மா என்றால் இந்த ஊர்ப் பூச்சாண்டி. அந்த உத்தியோகத்தைத் தனக்கா கொடுத்துவிட்டார்கள்? அடக்கம் என்று மெச்சியதெல்லாம் நடுக்கமா? எந்தெந்த வீட்டில் என்று கேட்டார்.

“எல்லார் ஆத்துலேயும்தான்” என்றது கதவு.

காப்பி வந்தது. தொடவில்லை. எழுந்தவர் வாசல்வரை போய் நின்றுவிட்டார். அவர் போயிருப்பார் என்று நினைத்துப் பிள்ளைகள் தெருவுக்கு வந்திருந்தன. ஒரே கும்மாளம்.

கொல்லைப்புறமாகப் போகலாமா என்று தணிந்த குரலில் கேட்டார். பாலசந்திரன் பதறிப்போனார். அது கன்சர்வன்சி சந்து. கக்கூஸ் அள்ள வரும் தோட்டியைத் தவிர ஒருவரும் கால் வைக்காத இடம்.

கணபதிராமன் வாசலில் கிடந்த செருப்பை ஓசைப்படாமல் கையில் எடுத்துக்கொண்டு, பக்கத்து நடையால் பின்னால் போய், வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி அந்தச் சந்தில் இறங்கினார்.