நாற்றுப்போல் நட்ட அல்லி

போன வாரம் ஓரிக்கைப் பக்கம் ஒரு நர்சரியில், பிளாஸ்டிக் தொட்டியில் நீல அல்லி வைத்திருந்தார்கள். குனிந்து மோந்து பார்த்தேன். பூவை விடுங்கள், அடியில் இருந்த சேற்று வாசனை என்னைத் தூக்கிக்கொண்டு போய் எழுபதுகளில் எங்கள் பெருநகர் கிராமத்தில் போட்டது.

அந்த வைகாசியில்தான் எனக்குக் கல்யாணம். பெண்ணுக்கு ஊர் மானாம்பதி, பேர் கன்னியம்மா. வந்த நாளாகப் பேச்சே இல்லை. கேட்டதற்குத் தலையாட்டுவாள், அவ்வளவுதான். ஒருநாள் வீட்டுக்குப் பின்னால் இருந்த குட்டையைப் பார்த்துக்கொண்டே, "எங்க வூட்டாண்ட கொளம் பூரா அல்லி கீது. இங்க இன்னா கீது?" என்றாள். எருமைதான் இருந்தது.

ஆடி பிறந்ததும் வழக்கப்படி மாமனார் வந்து அவளை அழைத்துக்கொண்டு போய்விட்டார். ஆவணியில் திரும்பி வருவாளா என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சோறு இறங்கவில்லை. ஆடி விருந்துக்குப் போனபோது, மத்தியானம் எல்லோரும் கண்ணயர்ந்த நேரம் பார்த்து அவர்கள் குளத்தில் இறங்கினேன். புது மாப்பிள்ளை சேற்றில் நிற்பதை யாராவது பார்த்தால் மானம் போய்விடும். பத்துக் கிழங்கு பிடுங்கிக் கோணிப்பையில் போட்டுக்கொண்டேன்.

பஸ்ஸில் கண்டக்டர், "இன்னா சார், பை ஒழுவிக்கினே வருது? மீனா?" என்றார். ஆமாம் என்றுவிட்டேன்.

நடவில் எனக்கிருந்த அனுபவமெல்லாம், வரப்பில் நின்று நடவுப் பெண்களை அதட்டியதுதான். அந்தத் தெம்பில் குட்டையோரம் சேற்றைக் குழப்பி, நாற்று ஊன்றுவதுபோல் கிழங்குகளை விரலால் ஊன்றினேன். விடிந்து பார்த்தால் பத்தும் மிதக்கிறது. மறுபடி ஊன்றினேன், மறுபடி மிதந்தது. ஆடி முழுக்க இதே பேஜார்.

ஆவணி முதல் வெள்ளியன்று அவளைக் கொண்டுவந்து விட்டார்கள். நேராகக் குட்டைக்குப் போனவள், மிதக்கிற கிழங்குகளைப் பார்த்தாள், என் காலில் இருந்த சேற்றைப் பார்த்தாள். சிரித்தாள் பாருங்கள், எருமையே தலையைத் தூக்கிப் பார்த்தது.

"இது இன்னா நெல்லா? களிமண்ணுல உருட்டிப் போட்டா அதுவா வேர் புடிச்சிக்கினு போவுது" என்று புடவையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். உருண்டை பிடிப்பதுபோல் ஒவ்வொரு கிழங்கையும் களிமண்ணில் பொதிந்து தண்ணீரில் விட்டாள். ஐப்பசி மழையில் குட்டை நிறைந்தது, பூவும் வந்தது. அதற்கப்புறம் அவள் பேச்சை யாராலும் நிறுத்த முடியவில்லை, அது வேறு கதை.

இப்போது குட்டையைத் தூர்த்து வீடு கட்டிவிட்டார்கள். கன்னியம்மா போய் நாலு வருஷம் ஆகிறது.

"மண்ணோட கீது சார், நீங்க ஒண்ணும் பண்ண வாணாம்" என்று சொல்லித்தான் நர்சரிக்காரர் அந்தத் தொட்டியைக் கொடுத்தார். மாடியில் வைத்திருக்கிறேன். நேற்று மனசு கேட்காமல் கிழங்கைப் பிடுங்கி, பழையபடி விரலால் ஊன்றிப் பார்த்தேன். காலையில் மிதந்துகொண்டிருந்தது. பார்த்துச் சிரிக்கத்தான் ஆளில்லை.