ஹெட்போனுக்கு வெளியே

பியானோவைப் பற்றி யாராவது கதைத்தால் நான் வாயை மூடிக்கொண்டு இருப்பேன். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று என் கணவரே சொல்லிச் சிரிக்கிற அளவுக்குத்தான் என் இசை அறிவு. ஆனால் ஒரு விஷயத்தில், சுவிஸில் நாங்கள் இருக்கிற இந்த ஊஸ்டர் ஊரில் என்னை மிஞ்ச ஆளில்லை. டிஜிட்டல் பியானோவை ஒருவர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசிக்கும்போது, அறைக்கு வெளியே நிற்பவருக்கு என்ன கேட்கும் என்பது எனக்குத் தெரியும். அந்தப் படிப்பை நான் விரும்பிப் படிக்கவில்லை.

மகளுக்கு ஒன்பது வயதில் முதல் டிஜிட்டல் பியானோ வாங்கினோம். பியானோ வகுப்பு ஆசிரியை, விளையாட்டுக் கீபோர்ட் போதாது, கட்டைகள் கனமாக அமுங்குகிற பியானோதான் விரல்களுக்கு நல்லது என்று சொல்லிவிட்டார். நானும் கணவரும் கடைகடையாக ஏறி இறங்கினோம். அவர் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் டாவோஸில் ஒரு ஹோட்டல் குசினியில் பாத்திரம் கழுவியவர். அன்றிலிருந்து எந்தப் பொருளையும் தூக்கிப் பார்த்துத்தான் மதிப்பார். கடைக்காரர் அந்தப் பக்கம் திரும்பியதும் பியானோவின் ஒரு மூலையைப் பிடித்து மெல்லத் தூக்கினார்.

"இஞ்சாரும், நல்ல பாரம். நல்ல சாமானாத்தான் இருக்கும்" என்றார்.

நான் மட்டும் என்ன பெரிய ஆளா? எங்கள் சாமி அலுமாரியின் நிறத்தோடு பொருந்துமா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். கடைக்காரர் ஒரே மெட்டை எல்லாப் பியானோவிலும் வாசித்துக் காட்டினார். எங்களுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் கேட்டது. கடைசியில் பாரமானதும் மண்ணிறமானதுமான ஒன்று வீட்டுக்கு வந்தது.

முதல் இரண்டு மூன்று வருடங்கள் அவள் சத்தமாகத்தான் வாசித்தாள். எங்கள் கட்டடத்தில் மத்தியானம் சத்தம் கூடாது, இரவு கூடாது, ஞாயிறு முழுக்கக் கூடாது. வாசலிலேயே அந்த விதிகளை ஒட்டி வைத்திருக்கிறார்கள். மிஞ்சிய நேரத்தில் அவள் வாசிப்பாள், நான் கறி வைப்பேன். நன்றாக வாசித்தாளா, பிழையாக வாசித்தாளா என்று எனக்குத் தெரியாது. வீடு நிறைந்திருந்தது, அது தெரியும். வெங்காயம் வதங்கிக் கருகினாலும் நான் கவலைப்பட்டதில்லை.

பிறகு அவளுடைய பன்னிரண்டாவது பிறந்தநாள் வந்தது. வீடு முழுக்க ஆட்கள். நம்முடைய ஆட்களைப் பற்றித்தான் தெரியுமே, வீட்டில் ஒரு பிள்ளை ஏதாவது பழகினால் அதை வந்தவர்களுக்குச் செய்து காட்டியே ஆகவேண்டும். "பிள்ளை, ஒண்டு வாசிச்சுக் காட்டன்" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். கையில் ரோல்ஸ் தட்டோடு சுற்றி நின்றார்கள். அவள் வெட்கப்பட்டு வாசிக்கத் தொடங்கினாள். பாதியில் ஒருவருடைய தொலைபேசி அடித்தது. அவர் அங்கேயே நின்று உரத்த குரலில் கதைத்தார். இன்னொருவர் சம்பல் எங்கே என்று கேட்டார். மகள் கையை எடுத்து, மூடியைச் சாத்திவிட்டு, அறைக்குள் போய்விட்டாள்.

அடுத்த நாள் பியானோவைத் தன் அறைக்குள் மாற்றச் சொன்னாள். தகப்பனும் மகளும் சேர்ந்து தள்ளினார்கள். அன்றைக்கே ஹெட்போனும் காதில் ஏறியது. கதவும் சாத்தப்பட்டது.

ஒரு கிழமையில் மாறிவிடும் என்று நினைத்தேன். மாறவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்பதில் அவள் என்னை உரித்து வைத்தவள். ஆசிரியை நடத்திய மாணவர் நிகழ்ச்சிகளிலும் அவள் மேடை ஏறவில்லை. ஆனால் வாசிப்பதை விடவும் இல்லை. நான் முதியோர் இல்லத்தில் உடுப்புத் தோய்க்கும் பகுதியில் வேலை செய்கிறேன். காலையில் போய்ப் பின்னேரம் வருவேன். கதவைத் திறந்து சப்பாத்தைக் கழற்றும்போதே அவளுடைய அறையிலிருந்து டொக், டொக், டொக் என்று கேட்கும். காய்ந்த கட்டைச் சத்தம். அதற்குள் ஒரு பாட்டு இருக்கிறது, என் பிள்ளை அதை வாசிக்கிறாள், எனக்கு மட்டும் கிடைக்கவில்லை.

கீழ்வீட்டு அம்மா ஒருநாள் மணியடித்துப் பணிவாகச் சொன்னார். முன்பு கேட்ட இசை தனக்குப் பிடிக்கும், இப்போது ஏன் இசை இல்லாமல் இந்தத் தட்டல் மட்டும் வருகிறது என்று கேட்டார். அதைத்தான் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். சலவை இயந்திரத்துக்குக் கீழே போடுகிற தடித்த ரப்பர் விரிப்பு ஒன்றை வாங்கிப் பியானோவுக்குக் கீழே போட்டோம். கீழ்வீட்டுக்குச் சத்தம் குறைந்தது. எனக்குக் குறையவில்லை.

ஆசையாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? மடித்த உடுப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு அவளுடைய கதவடியில் நிற்பேன். தட்டல் வேகமாக வரும், நிற்கும், அதே இடத்துக்குத் திரும்பி வந்து மறுபடி முயலும். இடது கை எது, வலது கை எது என்று பிரிக்கப் பழகினேன். கால் மிதியின் கீச்சுச் சத்தமும் பழகியது. பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண் தன் மகளின் கச்சேரியைப் பற்றிச் சொன்னால் எனக்கு வயிறு எரியும்.

இரண்டொரு தடவை கேட்டும் பார்த்தேன். "ஒருக்கா என்ர காதிலயும் போட்டு விடு பிள்ளை" என்றேன். "பிறகு பாப்பம் அம்மா" என்றாள். அந்தப் பிறகு வரவே இல்லை. கெஞ்சினால் மிஞ்சுவார்கள் என்று நானும் விறைத்துக்கொண்டேன். வீட்டில் இரண்டு முயல், ஆறு கால்.

இந்த வருடம் அவளுக்குக் கல்யாணம் முடிந்தது. மருமகனுக்கு லாங்கன்தாலில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. பகலில்தான் நித்திரை. அங்கே அவள் குடிபோக இருந்தது சின்ன வீடு, படுக்கை அறையும் ஒன்றுதான். எங்கள் பாரமான பியானோவை அங்கே கொண்டுபோக முடியாது, அதன் தட்டலுக்கு மருமகன் தூங்கவும் முடியாது. சின்னதாகப் புதிதாக ஒன்று வாங்கப் போவதாக அவள் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டு சட்டி கழுவினேன்.

"அம்மா, சனிக்கிழமை என்னோட சூரிச்சுக்கு வாறீங்களோ? பியானோ பாக்கோணும்."

"நான் வந்து என்ன செய்யிறது? அப்பாவைக் கூட்டிக்கொண்டு போ. அவர் தூக்கிப் பாத்துச் சொல்லுவார்."

அவள் சிரிக்கவில்லை. "இல்லை, நீங்கள்தான் வரோணும். ஹெட்போன் போட்டால் வெளியில என்ன கேக்குதெண்டு எனக்குத் தெரியாது. நீங்கள்தானே கதவடியில நிண்டு கேட்டனீங்கள்."

சட்டி கையிலிருந்து தொட்டிக்குள் நழுவியது. "நான் நிண்டது உனக்கெப்பிடித் தெரியும்?"

"கதவுக்குக் கீழால உங்கட நிழல் தெரியும்."

எனக்கு வெட்கமும் வந்தது, கோபமும் வந்தது. தெரிந்துகொண்டே இத்தனை வருடம் கதவைத் திறக்காமல் இருந்திருக்கிறாளே என்று கோபம். ஆனால் நிழலைப் பார்த்த பிறகும் அவள் ஒருநாளும் வாசிப்பதை நிறுத்தியதில்லை என்பது, படுக்கப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. சனிக்கிழமை நல்ல சேலை உடுத்திக்கொண்டு புறப்பட்டேன். பியானோக் கடைக்குச் சேலையோ என்று கணவர் கேட்டார். நான் மடிப்பைச் சரிசெய்துகொண்டு படியிறங்கினேன்.

கடையின் மேல்மாடியில் டிஜிட்டல் பியானோக்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு ஹெட்போன் தொங்கியது. பலவற்றில் யாராவது ஒருவர் இருந்து மும்முரமாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெரிய மாடி முழுக்க டொக் டொக் என்ற சத்தம்தான், ஒரு துளி இசை இல்லை. எனக்குச் சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது.

மெலிந்த ஒரு விற்பனையாளர் எங்களோடு வந்தார். இதில் கட்டை மரம், அதில் பிளாஸ்டிக், இதன் ஒலி பெரிய கச்சேரிப் பியானோவிலிருந்து எடுத்தது, அதற்குள் இத்தனை வகை ஒலி இருக்கிறது என்று விளக்கினார். மகள் ஒவ்வொன்றாக உட்கார்ந்து ஹெட்போனை மாட்டி வாசித்தாள். நான் கொஞ்சம் தள்ளி, முதுகைக் காட்டி, கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். முதலாவது பியானோ, பலகையில் வெங்காயம் வெட்டுகிற சத்தம் போட்டது. வேண்டாம் என்றேன். அடுத்தது கள்ளத்தனமானது.

"இது அமத்தேக்க சத்தமில்லை. விரலை எடுக்கேக்கதான் அடிக்குது" என்றேன்.

மகள் அதை ஜெர்மனில் சொன்னாள். விற்பனையாளர் குனிந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, உண்மைதான் என்று தலையாட்டினார். பிறகு எனக்கு ஒரு கதிரை கொண்டுவந்து போட்டார். நான் இருக்கவில்லை, நின்று கேட்டுத்தான் எனக்குப் பழக்கம்.

கடைசியில் இரண்டு பியானோக்கள் மிஞ்சின. இரண்டின் ஒலியும் மகளுக்குப் பிடித்திருந்தது. விற்பனையாளர் ஒன்றின் அடிப்பக்கத்தைக் காட்டி, இதில் ஹெட்போன் குத்த இரண்டு துளைகள் இருக்கின்றன, இரண்டு பேர் சேர்ந்து கேட்கலாம் என்றார். மற்றதில் ஒன்றுதான்.

இரண்டு பேர் சேர்ந்து கேட்கலாம். எங்கள் வீட்டுப் பியானோவில் அப்படி ஒன்று இல்லை, அப்படி ஒன்று உலகத்தில் இருப்பதும் எனக்குத் தெரியாது. அந்த நிமிடமே நான் மனதுக்குள் லாங்கன்தாலுக்கு ரயில் ஏறிவிட்டேன். மருமகன் உள்ளே படுத்திருப்பார். நான் கதிரையை இழுத்துப் போட்டு அவளுக்குப் பக்கத்தில் இருப்பேன். என் காதில் ஒன்று, அவள் காதில் ஒன்று. அவளும் இனிமேல் பிறகு என்று சொல்ல மாட்டாள், கல்யாணம் ஆன பிள்ளைகளுக்குத் தாயில் கொஞ்சம் இரக்கம் வரும் என்றுதானே சொல்கிறார்கள்.

"திரும்பி நில்லுங்கோ அம்மா. ரெண்டையும் வாசிக்கிறன். எது சத்தம் குறைவெண்டு சொல்லுங்கோ."

திரும்பி நின்றேன். முதலில் வாசித்த இரண்டு துளைப் பியானோவின் தட்டல் தரையில் இறங்கி என் உள்ளங்காலுக்கு வந்தது. மற்றது காலுறையோடு ஒருவர் நடக்கிற அளவுக்குத்தான் கேட்டது. சந்தேகமே இல்லை.

"எது அம்மா?"

பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. நான் சொன்னால் அவள் நம்புவாள், அதற்காகத்தானே கூட்டிவந்தாள். ஆனால் மருமகன் இரவு முழுக்க நின்று வேலை செய்துவிட்டு வந்து படுக்கிறவர். அவருடைய நித்திரை நாலு நாள் குழம்பினால் ஐந்தாம் நாள் வீட்டில் முகம் கோணும். என் பிள்ளையை எனக்குத் தெரியும். முகம் கோணினால் அவள் வாதாட மாட்டாள், மூடியைச் சாத்திவிடுவாள். அதன் பிறகு அந்த வீட்டில் கட்டைச் சத்தம்கூட இராது.

"ரெண்டாவதுதான்" என்றேன்.

"ஒரு ஓட்டை இருக்கிறதோ?"

"ஓம். அதுதான் சத்தமில்லை."

அதுவே போதும் என்று மகள் சொன்னாள். இருப்பில் இருக்கிறதா என்று பார்த்து வர விற்பனையாளர் கீழே போனார். அவள் அந்தப் பியானோவின் முன்னால் இருந்து ஹெட்போனோடு எதையோ மெல்ல வாசித்துக்கொண்டிருந்தாள். அடுத்த கிழமை இவள் போய்விடுவாள், வீட்டில் அந்த டொக் டொக்கும் இராது என்ற நினைப்பு என்னைப் பிடித்து உலுப்பியது. அவளுடைய தோளைத் தொட்டேன். அவள் ஒரு காதை விலக்கிப் பார்த்தாள்.

"எனக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டு பிள்ளை" என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். "நீ பன்னிரண்டு வயசில கதவைச் சாத்தினனி. நான் இன்னும் வெளியிலதான் நிக்கிறன்."

அவள் சுற்றிவரப் பார்த்தாள். மாடி நிறைய ஆட்கள். பிறகு என்று சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் ஹெட்போனைக் கழற்றி, எழுந்து, என் தலையில் மாட்டினாள். கொண்டையில் இடறாமல் சரிசெய்துவிட்டாள். அவளுடைய காதின் சூடு அதில் இருந்தது.

"இதில ஒண்டுதானே குத்தலாம். அப்ப உனக்கு?" என்றேன்.

அவள் ஏதோ பதில் சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினாள்.

கையைப் பார்த்ததும் எந்தப் பாட்டு என்று பிடித்துவிட்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த கையோடு எத்தனையோ பின்னேரங்களில் அவள் தட்டிக்கொண்டிருந்தது. இடது கை அடித்து அடித்துப் போகும், வலது கை காத்திருந்து காத்திருந்து வரும். கோபத்தில் அடிக்கிறாள் என்றுதான் நான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். எங்கள் மேல் கோபம், அந்தப் பிறந்தநாள் மேல் கோபம். காதுக்குள் அப்படி எதுவுமே இல்லை. நித்திரையில் இருக்கிற ஒருவரை எழுப்ப மனமில்லாமல் கூப்பிடுவது போல இருந்தது. நான் அழுதேன். கடை, ஆட்கள், நல்ல சேலை ஒன்றையும் பார்க்காமல் அழுதேன்.

அவள் தலையைச் சரித்து வைத்துக்கொண்டு வாசித்தாள். ஓரிடத்தில் விரல்கள் தடுமாறின. இன்னும் கொஞ்சம் போய் நடுவிலேயே நின்றுவிட்டாள். நான் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினேன். அவள் ஒரே கட்டையை மறுபடி மறுபடி அமுக்கி, வெளியே வந்த டொக் சத்தத்தைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அம்மா, இவ்வளவு காலமும் இதையோ கேட்டுக்கொண்டு நிண்டனீங்கள்?"

"ஓம் பிள்ளை" என்றேன். "அதுவும் நல்லாத்தான் இருந்தது."